முப்பத்தஞ்சு கட்டிய பீரங்கி வண்டி

வில்லியனூர் ரயில்வே கேட்டிலிருந்து பாகூர் ஏரிக்கரை வரைக்கும் நடந்து பாருங்கள். மனிதர்களில் எத்தனையோ தினுசு உண்டு. ஆனால் ஆண்டவன் படைத்த அத்தனை பொருளையும் முப்பத்தைந்தால் வகுத்துப் பார்த்த ஒரே மனிதர் இவர்தான். தென்னைமரம், தேர், எருமை மாடு, ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளர், யாரும் அவர் கணக்கிலிருந்து தப்பவில்லை.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பேர் ஒன்று இருந்தது. கடை போர்டில்கூட எழுதியிருந்தது. நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் சாமான் கைக்கு வந்துவிடும் என்பதால் முழுசாகப் படித்ததில்லை. ஊருக்கு அவர் முப்பத்தஞ்சு. அவ்வளவுதான். வில்லியனூர் கடைத்தெருவில் பம்புசெட் சாமான் கடை வைத்திருந்தார். புஷ், பேரிங், ஆயில் சீல், ஃபுட்வால்வு எல்லாம் கிடைக்கும். எனக்கு செல்லிப்பட்டில் கரும்பு. என் மோட்டாருக்கும் எனக்கும் ஒரே வயசு என்று என் மருமகள் சொல்லும். ரெண்டில் ஒன்று வாரத்துக்கு ஒருதரம் படுத்துக்கொள்ளும். நான் படுத்தால் மருந்துக் கடை, மோட்டார் படுத்தால் முப்பத்தஞ்சு கடை. அப்படித்தான் பழக்கம்.

அவர் செய்த வேலை என்னவென்றால், பட்டாளத்துப் பீரங்கி வண்டியைச் சின்னதாகக் கட்டுவது. இதற்கென்று பெட்டி விற்கிறார்கள். பெட்டியைத் திறந்தால் பிளாஸ்டிக் சட்டத்தில் சக்கரம், சக்கரத்தைச் சுற்றி ஓடும் சங்கிலி, குழல், மூடி என்று துண்டு துண்டாகக் காய்த்துத் தொங்கும். கிள்ளி எடுத்து, ராவி, பசை போட்டு ஒட்டி, பெயிண்ட் அடித்தால் வண்டி. அசல் வண்டியில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. அசல் ஒரு வீடு அளவு என்றால் இது ஒரு சாண். அதிலிருந்து வந்ததுதான் பேர்.

ஒருநாள் நான் ஆயில் சீல் கேட்டு நிற்கிறேன். ஸ்கேலை எடுத்து என் பக்கத்தில் நீட்டினார்.

"மாமா, கொஞ்சம் நிமிந்து நில்லு."

நின்றேன்.

"உன்ன முப்பத்தஞ்சுல ஒண்ணா பண்ணா என் சுண்டு வெரல் ஒசரம். மீச தெரியாது."

"மீச தெரியாதா?"

"வரையலாம். ஆனா பாக்கறவன் கண்ணாடி போட்டுகினு பாக்கணும்."

கல்யாணத்துக்கு முன்னாடியிலிருந்து வளர்த்த மீசை. அன்றைக்கு ஆயில் சீல் வாங்காமலே திரும்பிவிட்டேன். கரும்பு ஒரு நாள் காய்ந்தது.

வீட்டிலும் இதே கதைதான். சாப்பிட உட்கார்ந்தால் ஒரு பருக்கையை விரலில் எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பார். "செல்வி, அந்த அளவு ஆளுக்கு இந்தப் பருக்கை ஒரு சாணுக்கு மேல." செல்வி அவர் வீட்டுக்காரம்மா. ஒருநாள் அந்தம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப ஒரு பருக்கையோட எழுந்திருங்க" என்று சோற்றுக் குண்டானைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

இந்தக் கிறுக்கு எங்கிருந்து பிடித்தது என்று கேட்டால் அவருடைய அண்ணனைச் சொல்லவேண்டும்.

அண்ணனைப் பட்டாளத்தார் என்போம். வயசான சிலர் சொல்தா என்று கூப்பிடுவார்கள். எங்கள் பக்கத்தில் பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் இருந்தவர்களுக்குத்தான் அந்தப் பேர். சொல்தா வீட்டுக்கு பாரிசிலிருந்து பென்ஷன் வரும், பேரப்பிள்ளைகள் விமானத்தில் வரும். இவர் இருந்தது நம்ம தேசத்துப் பட்டாளம். இவருக்கு விமானத்தில் யாரும் வரவில்லை. அதனால் சொல்தா என்றால் திரும்பிப் பார்க்கமாட்டார். பட்டாளத்தார் என்றால் பாதி திரும்புவார்.

மேற்கு எல்லையில் ருஷ்யாக்காரன் செய்த பீரங்கி வண்டியை ஓட்டியவர். தகப்பன் செத்தபோது முப்பத்தஞ்சு சின்னப் பையன். பட்டாளத்துச் சம்பளத்தில் தம்பியைப் படிக்கவைத்து, கடை வைத்துக்கொடுத்து, கல்யாணமும் செய்து வைத்தார். தான் மட்டும் செய்துகொள்ளவில்லை. திரும்பி வந்தபிறகு தம்பி வீட்டுப் பின்கட்டில் ஒரு அறை, ஒரு நாற்காலி, ஒரு ரேடியோ. பேச்சு ரெண்டே வார்த்தை. ஒன்று "ம்". இன்னொன்று "ம்ஹூம்". எதற்கு எது என்று செல்விக்குத்தான் தெரியும். அந்த வண்டிக்குள் உட்கார்ந்து அவர் என்ன பாடுபட்டார், என்ன பார்த்தார் என்று தம்பிக்கு ஒரு வரி தெரியாது. கேட்டால் "ம்".

ஒரு வருஷம் வில்லியனூர் தேருக்குப் போட்ட கடையில், முப்பத்தஞ்சு தன் பேரனுக்கு விளையாட்டுப் பீரங்கி ஒன்று வாங்கி வந்தார். பேரன் அதை விட்டுவிட்டு டம்ளரை வைத்து விளையாடியது. பட்டாளத்தார் அந்தப் பொம்மையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பார்த்துவிட்டுப் பேசினார்.

"இதுல சக்கரம் எல்லாம் பக்கத்துப் பக்கத்துல கீது. எங்க வண்டில மொதோ சக்கரம் தனியா நிக்கும். அப்பறம் ஒரு எடவெளி. அதுக்கப்பறந்தான் மத்த நாலும்."

சொல்லிவிட்டு கை கழுவப் போய்விட்டார்.

மறுநாள் நான் கடைக்குப் போனால் முப்பத்தஞ்சு கல்லாவைத் திறந்தபடியே போட்டுவிட்டு வெளியே ஓடி வருகிறார்.

"மாமா, அண்ணன் பேசிச்சு."

"இன்னா பேசிச்சு?"

"சக்கரத்தப் பத்தி."

"சக்கரத்தப் பத்தியா? நான்கூட சொத்தப் பத்தின்னு நெனச்சேன்."

"வெளயாடாத மாமா. அந்த வண்டிய அசலா ஒண்ணு கட்டி முன்னாடி வச்சா, இதான்டா எங்க வண்டின்னு சொல்லும். அது ஒண்ணு சொல்லிடுச்சின்னா மத்ததெல்லாம் தானா வரும். கட்டாம வுட மாட்டேன்."

மனுஷன் சொன்னால் சொன்னதுதான்.

முதலில் மலிவுப் பெட்டியில்தான் தொடங்கினார். பெட்டி மேலே படம் பார்க்கவேண்டுமே, நாலு பக்கமும் நெருப்பு, வானத்தில் விமானம், நடுவில் வண்டி சீறிக்கொண்டு வரும். உள்ளே இருந்த சாமானுக்கும் அந்தப் படத்துக்கும், பெண் பார்க்கப் போனபோது காட்டிய போட்டோவுக்கும் பெண்ணுக்கும் உள்ள சம்பந்தம்தான். வண்டியின் மேல் பாதியும் கீழ் பாதியும் சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை. நடுவில் இருந்த சந்தில் லாரியின் நசுங்கலை அடைக்கிற பட்டி மாவை அப்பினார். குழல் முருங்கைக்காய் மாதிரி வளைந்திருந்தது. பிளாஸ்டிக்கை ஆவியில் காட்டி நிமிர்த்தவேண்டுமாம். செல்வி இட்லிப் பானையைத் திறந்தால் மாவுக்கு மேலே பீரங்கிக் குழல்.

"இட்லி வேகல," என்று என்னிடம் சொல்லியது அந்தம்மா, "கொழா நல்லா வெந்துச்சு."

அண்ணன் முன்னால் கொண்டுபோய் வைத்தார். பட்டாளத்தார் பார்த்தார். "ம்ஹூம். எங்க வண்டி இல்ல இது. கொழலு நுனில ஒரு தடிப்பு இருக்கும். இதுல இல்ல."

இன்னொரு மலிவுப் பெட்டி. "ம்ஹூம். மேல கெடக்கற தலை கவுத்துவச்ச கிண்ணம் மாதிரி இருக்கும். இது குண்டான் மாதிரி கீது."

இன்னொன்று. "ம்ஹூம். பின்னால ஒரு மரக்கட்ட கட்டியிருக்கும். சேத்துல மாட்டுனா சங்கிலிக்கு அடில குடுத்து ஏறி வருவோம்."

ஒவ்வொரு தடவையும் முப்பத்தஞ்சு என்னிடம் வந்து சொல்லுவார். திட்டு வாங்கினவன் முகம் இல்லை அது, பரிசு வாங்கினவன் முகம். "மாமா, இன்னிக்கு கட்டையப் பத்தி சொல்லிச்சு."

அட, கரும்பு வண்டி சேற்றில் மாட்டினால் நாங்களும் அதைத்தானே செய்கிறோம். பட்டாளமும் நாமும் ஒன்றுதான் போலிருக்கிறது என்று எனக்குப் பெருமையாகிவிட்டது. அடுத்த தடவை போகும்போது வேலங்குச்சி ஒன்று சீவி எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"மரத்தோட ரேகை பெருசா கீது மாமா. இந்தக் கணக்குக்கு ஆலமரம் மாதிரி தெரியும்."

புளியங்குச்சி கொண்டுபோனேன். ஆகாது. நுணாக் குச்சி. ஆகாது. கடைசியில் செல்வி ரசத்துக்கு ஒடித்துவந்த கறிவேப்பிலைக் காம்பை உருவிக்கொண்டு போய், இதுதான் என்றார். நான் சுமந்துபோன குச்சியெல்லாம் அவர் வீட்டு அடுப்புக்கு ஆயிற்று.

இப்படியாக ஆயுதபூஜை வந்தது. அதற்குள் ஒரு மலிவு வண்டியில் சக்கரத்தை அறுத்து நகர்த்தி, குழலைத் தடிப்பாக்கி, கட்டையைக் கட்டி, எல்லாக் குறையும் தீர்த்து வைத்திருந்தார். பூஜை முடித்துச் சாயங்காலம் அண்ணனிடம் காட்டுவதாகத் திட்டம். கடையில் மோட்டார், ஸ்பேனர், தராசு எல்லாம் சந்தனம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. நடுவில் வாழையிலைத் துண்டின் மேல் இந்த வண்டி. புது வண்டி இல்லையா, பழத்தில் ஏற்றவேண்டும். செல்வி எலுமிச்சம்பழத்தோடு வந்தது.

"எடுத்துகினு போ," என்றார். "அளவுக்கு அளவு வேணும். எலுமிச்சம்பழம் வச்சா அந்த வண்டிக்குப் பாறாங்கல்லு மாதிரி. கடுகு கொண்டா."

ஒவ்வொரு சங்கிலிக்கும் முன்னால் ஒரு கடுகு வைத்து வண்டியை மெள்ள உருட்டினார். "நசுங்கிச்சா பாரு" என்று என்னைக் குனியச் சொன்னார். என் கண்ணுக்குக் கடுகே தெரியவில்லை. நசுங்கிச்சு என்றேன். பூசணிக்காய் உடைக்கவேண்டுமே? சுண்டைக்காயில் ஓட்டை போட்டு, குங்குமம் அடைத்து, ஊசி முனையில் கற்பூரத் துணுக்கு வைத்துச் சுற்றி, வண்டிக்கு முன்னால் கட்டைவிரலால் உடைத்தார். புஷ் வாங்க வந்த ரெண்டு பேர் கைகூப்பியபடி நின்றிருந்தார்கள். சாமி காரியம், சிரிக்க முடியுமா?

அவர் பொரி கொடுக்கத் தெருப்பக்கம் போனார். அந்த நேரத்தில்தான் செல்விக்கு மனசு ஆறவில்லை. கடுகு எல்லாம் ஒரு கணக்கா? எலுமிச்சம்பழத்தை எடுத்து சங்கிலிக்கு அடியில் வைத்தது. கண்ணை மூடி ஒரு வேண்டுதல். பின்னாலிருந்து ஒரு தள்ளு.

சங்கிலி அறுந்து வெற்றிலைத் தட்டில் விழுந்தது. தலை கழன்று உருண்டு மோட்டார் அடியில் போய்விட்டது. கறிவேப்பிலைக் கட்டை விபூதியில் குத்திட்டு நின்றது. பழத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

முப்பத்தஞ்சு பொரிப் பையோடு வந்து நின்றார்.

"இன்னாடி பண்ண?"

"புது வண்டி பழத்துல ஏறாம தெருவுல எறங்குனா ஆவுமா? நாளைக்கு எதுனா ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?"

"அது தெருவுல எறங்காதுடி."

"அப்ப எதுக்குங்க வண்டி?"

முப்பத்தஞ்சு அறுந்த சங்கிலியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சரி வுடு. எலுமிச்சம்பழத்துக்கே தாங்கல. எங்கண்ணன் வண்டி இது இல்ல."

அந்த மாசமே இன்னொரு சேதி வந்தது. பட்டாளத்தார் தண்ணீர் ஊற்றும்போது டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்ற ஆரம்பித்திருந்தார். கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு காய்ந்துகொண்டே வருகிறதாம். போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் கொஞ்ச நாள் இழுத்துப் பிடிக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பட்டாளத்தார் அதற்கும் "ம்" என்றாராம்.

முப்பத்தஞ்சு கடையில் போனை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதில் ரெண்டு பெட்டிகளின் படம். ஒன்று மலிவு. இன்னொன்று அதே ருஷ்யாக்காரன் வண்டிதான், ஆனால் உசத்தி. அதை வாங்குகிற காசுக்கு நல்ல மோட்டாரே வாங்கலாம்.

"மலிவு சட்டுனு முடிஞ்சிடும் மாமா. ஆனா எங்கனா ஒரு எடத்துல தப்பு இருக்கும், அண்ணன் கண்டுபுடிச்சிடும். இது ஒரு ஆணி தப்பாதாம். ஆனா துண்டு ஜாஸ்தி. எப்ப முடியும்னு தெரியாது. அதுக்குள்ள கண்ணு…"

அன்றைக்குக் கடைக்கு வந்த ஆளெல்லாம் யோசனை சொன்னார்கள். உர மூட்டைக்காரர் ஒருவர், சொசைட்டி விதையா கம்பெனி விதையா என்பது மாதிரிதான் இது, மண்ணைப் பொறுத்தது என்றார். நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"மாப்ள, மட்டமான சாமான் வாங்குனா கை வலிக்கும். ஒசந்த சாமான் வாங்குனா நெஞ்சு வலிக்கும். எது தாங்கும்னு நீயே பாத்துக்க."

செல்வி மோர் கொண்டுவந்து வைத்தது. "உங்க அண்ணனுக்குப் பார்வ இருக்கறப்பவே ஏதாச்சும் ஒண்ணு காட்டுங்க. அவ்ளோதான் நான் சொல்வேன்."

"ஏதாச்சும் ஒண்ணு இல்ல செல்வி," என்றார். "அதக் காட்டணும்." உசத்திப் பெட்டியின் மேல் விரலை வைத்து அழுத்திவிட்டார்.

பெட்டி வந்த அன்றைக்கு நானும் இருந்தேன். கூரியர்காரர் கையிலிருந்து ஆஸ்பத்திரியில் பிள்ளையை வாங்குவது மாதிரி ரெண்டு கையிலும் வாங்கினார். உள்ளே பித்தளைத் தகட்டில் வெட்டின கைப்பிடிகள், ஒவ்வொன்றும் கொசுக்கால் கனம். சங்கிலி முழுசாக வரவில்லை, ஒவ்வொரு கண்ணியும் தனி. ஒவ்வொரு கண்ணிக்கும் உள்ளே இன்னும் துண்டு. வெங்காயம் உரிக்கிற மாதிரி துண்டுக்குள் துண்டு.

அன்றிலிருந்து அந்த வீட்டில் வேறு சட்டம். காற்றடித்தால் பித்தளை பறந்துவிடும் என்று ஃபேன் கிடையாது. கத்திரி வெயில் வந்தபோதும் அதே சட்டம். மனுஷன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வேர்வை விழாமல் கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தபடியே ஒட்டுவார். தாளித்தால் தும்மல் வரும் என்று தாளிப்பு நிறுத்தம். சாம்பார் பத்தியச் சாப்பாடு மாதிரி ஆகிவிட்டது. ஒருநாள் ஒரு கைப்பிடி கீழே விழுந்தது. தரையில் கன்னத்தை வைத்துத் தேடினால் ஓர் எறும்பு அதைத் தூக்கிக்கொண்டு போகிறது. எறும்புக்குப் பின்னால் இவர் தவழ்ந்துபோய், சுவர் ஓட்டை வாசலில் மடக்கிவிட்டார். எறும்பை அடிக்கவில்லை. ஒரு சர்க்கரைத் துணுக்கு கொடுத்து வாங்கிக்கொண்டார். நான் பார்க்கவில்லை, செல்வி சொன்னது.

நான் பார்த்தது, எனக்குக் கொடுத்த ஆயில் சீலை இடுக்கியில் எடுத்து நீட்டியதை.

"மாப்ள, கைலயே குடு. ஒடைஞ்சிடாது."

"பழக்கம் மாமா."

கை அசந்தால் ஒட்டுவதை நிறுத்திவிட்டு, பின்கட்டுக்குப் போய் அண்ணனுக்குச் சொட்டு மருந்து போடுவார். "இந்தக் கை எவ்ளோ தெரிது?" என்பார். போகப் போக, கையை இன்னும் கிட்டத்தில் காட்டவேண்டி வந்தது. திரும்பி வந்து முன்னைவிட வேகமாக ஒட்டுவார். அப்புறம் கடையையும் மூடி வைத்தார். பேரிங்குக்கு வந்தவர்கள் ஜன்னல் வழியாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். என்ன கேட்டாலும் "மூணாவது தட்டு, நீயே எட்டு" என்பார், தலை நிமிராது.

முடித்துவிட்டார். பொய் சொல்லவில்லை, என் ஆயுசில் அப்படி ஒரு பொருளைப் பார்த்ததில்லை. மேலே பச்சை, அடியில் மண் படிந்த நிறம், ஓரத்தில் துரு. ஊதினால் புழுதி பறக்கும் போலிருந்தது. வீட்டில் யாரும் அதைத் தொடவில்லை. முப்பத்தஞ்சே தொடவில்லை, பலகையோடு தூக்கிக்கொண்டுதான் பின்கட்டுக்குப் போனார். செல்வியும் நானும் பின்னாலேயே போனோம்.

பட்டாளத்தார் நாற்காலியில் இருந்தார். பலகையை மடியில் வைத்தார்.

"அண்ணா, பாரு."

"வெளிச்சத்துல வை."

ஜன்னலைத் திறந்து வெயிலில் வைத்தார்.

"வெளிச்சத்துல வைடா."

அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த அறையில் அதற்கு மேல் வெளிச்சம் கிடையாது. கடைசி வாரங்களில் அண்ணன் தம்பி காட்டிய கையைப் பார்த்து அல்ல, தம்பி குரலைக் கேட்டுத்தான் தெரிது, தெரிது என்று சொல்லியிருக்கிறார்.

பட்டாளத்தார் ரெண்டு கையையும் நீட்டி வண்டியின் மேல் வைத்தார். கரும்புக் கட்டை மாதிரி விரல்கள். மெதுவாகத்தான் தடவினார். டிக் என்று ஒரு சத்தம். ஒரு கைப்பிடி. இன்னொரு டிக். விளக்குக்குப் போட்ட பித்தளைக் கூடு. செல்வி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டது. நான் தடுக்கலாம் என்று ஓர் அடி வைத்தேன். முப்பத்தஞ்சு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாடா சத்தம்?"

"ஒண்ணும் இல்லண்ணா. வண்டி புதுசு, அப்டிதான் சத்தம் போடும். நல்லா தடவிப் பாரு."

டிக். டிக். எறும்பிடம் வாங்கிய கைப்பிடி எதுவென்று எனக்குத் தெரியாது, அதுவும் போயிருக்கும். வேர்வை விழாமல் ஒட்டியது எல்லாம் ஒவ்வொன்றாய்ப் பலகையில் உதிர்ந்தது. முப்பத்தஞ்சு உதிர்ந்ததைப் பார்க்கவே இல்லை. அண்ணன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

விரலை எடுத்துவிட்டார் பட்டாளத்தார். நுனியில் ரத்தப் பொட்டு.

"முள்ளு மாதிரி குத்துதுடா. எங்க வண்டி குத்தாது."

ம்ஹூம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட எங்களுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மனுஷன் இதோடு விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். எனக்கே கடைக்குப் போக ரெண்டு வாரம் மனசு வரவில்லை. போனபோது போனில் தேடிக்கொண்டிருந்தார்.

"மாமா, வா. இருக்கறதுலயே மட்டம் எது, மொத்தை எது, அதான் வேணும்."

"இன்னா மாப்ள சொல்ற?"

"கண்ணுக்குக் கட்டனேன், தப்பு. இப்ப வெரலுக்குக் கட்டப் போறேன்."

எந்த மலிவுப் பெட்டியைத் திட்டினாரோ அதே சாதிப் பெட்டிதான் வந்தது. கனத்த பிளாஸ்டிக். உடைகிற மாதிரி இருந்ததையெல்லாம் சீவி எறிந்தார். கைப்பிடிக்கு மோட்டாருக்குள் சுற்றுகிற செம்புக் கம்பியை வளைத்து, ஓட்டை போட்டு உள்ளே செருகினார். முதல் சக்கரத்துக்கும் ரெண்டாவதுக்கும் நடுவே தாராளமாக இடம் விட்டார். சங்கிலிக்கு ஒரே துண்டாகப் பழைய டியூப் ரப்பர். கூர் தெரிகிற இடத்தில் எல்லாம் உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்து, தன் கன்னத்தில் உரசிப் பார்ப்பார். முன்னால் இடது பக்கம் ஓட்டுகிறவன் உட்காருகிற குழி. அதன் மூடி திறக்கிற மாதிரி வைத்தார். அண்ணன் விரல் நுனி நுழையவேண்டும் என்று குழியைப் பெரிசாக அறுத்தார்.

"அளவு போச்சே மாப்ள," என்றேன்.

"போனா போவட்டும்."

பெயிண்ட் அடிக்கவில்லை. பழுப்பு பிளாஸ்டிக், வெள்ளைப் பட்டி, சிவப்புக் கம்பி. கொழுக்கட்டைக்குக் குழல் வைத்த மாதிரி இருந்தது.

பட்டாளத்தார் மடியில் வைத்தார். இந்தத் தடவை பலகை இல்லை. விரல் பின்னாலிருந்து புறப்பட்டது. கவுத்துவைத்த கிண்ணத்தைச் சுற்றியது. குழலோடு போய் நுனியில் தடிப்பைத் தொட்டுத் திரும்பியது. கீழே இறங்கிச் சக்கரம் சக்கரமாக முன்னால் வந்து, அந்த இடைவெளியில் ஒருதரம் விழுந்து எழுந்தது. பிறகு மேலே ஏறி, இடது பக்கம், மூடியைத் தேடித் திறந்தது. உள்ளே நுழைந்தது. அங்கேயே இருந்தது.

வாசலில் காய்கறி வண்டிக்காரன் கூவிக்கொண்டு போனான்.

"இங்கதாண்டா," என்றார் பட்டாளத்தார். "இங்கதான் உக்காந்திருப்பேன். தலைய வெளிய நீட்டிகினு. வாயெல்லாம் மணலு. பொழுதுக்கும் மென்னுகினே இருக்கணும்." விரலை உள்ளேயே ஒரு பக்கம் திருப்பி, "அம்மா அனுப்புன பொரிவிளங்கா உருண்டய இந்தப் பக்கம் சொருவி வச்சிருந்தேன். சூட்டுல உருகி ஒட்டிக்கிச்சு. அதையும் மணலோட தின்னேன்" என்றார்.

முப்பத்தஞ்சு தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்பறம்ணா?" என்றார். அப்புறமும் இருந்தது. சிரிக்கிற மாதிரி கொஞ்சம், சிரிக்க முடியாதது கொஞ்சம். அதெல்லாம் அவர்கள் வீட்டு விஷயம், நான் இங்கே எழுதப்போவதில்லை. செல்வி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்று கேட்டது.

கடைசியில் பட்டாளத்தார் கேட்டார். "பச்ச அடிச்சிருக்கியா? எங்க பச்ச ஒரு மாதிரி மங்கலா இருக்கும்."

"அடிச்சிருக்கேண்ணா. அதே பச்ச."

என் பக்கம் திரும்பினார் பட்டாளத்தார். நானும் சொன்னேன். "மங்கலாத்தான் கீதுங்க."

அடுத்த தடவை நான் கடைக்குப் போனபோது கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே முப்பத்தஞ்சு ஒரு மூடியில் பச்சையும் சாம்பலும் கலந்து, காகிதத்தில் தீற்றிப் பார்த்து, தலையாட்டி, மறுபடி கலந்துகொண்டிருந்தார். அண்ணன் தூங்குகிற நேரமாகப் பார்த்து அந்தக் கொழுக்கட்டை வண்டியை எடுத்து வந்திருந்தார்.

"கண்ணு தெரியாதவருக்கு எதுக்குய்யா கலரு?"

"அண்ணனுக்குத் தெரியாதுதான் மாமா. அடிச்சிட்டேன்னு சொல்லிட்டேனே."

குனிந்து அடிக்க ஆரம்பித்தார். மாம்பழக் காலம், கடைத்தெரு முழுக்க ஈ. எனக்கு செல்லிப்பட்டு பஸ் வரும் சத்தம் கேட்டது. அதை விட்டுவிட்டு, பழைய காலண்டர் அட்டை ஒன்றை எடுத்து, பெயிண்ட் காயும் வரைக்கும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன்.